சுயாதீன இசைக்கலைஞர்களுக்கான சட்ட உதவியும் உரிமைப் பாதுகாப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திரைப்படத்துக்கு வெளியே சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டமைத்து, பாடி, வெளியிடும் தமிழ்நாட்டுக் கலைஞர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டிருக்கிறது. ராப் பாடுபவர், கானா பாடுபவர், பேண்டு நடத்துபவர், கர்நாடக இசைப் பதிவைத் தாமே வெளியிடுபவர் ஆகிய எல்லோருக்கும் இது பொருந்தும். பதில்கள் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தையும் அதில் 2012-ல் செய்யப்பட்ட திருத்தங்களையும் அடிப்படையாகக் கொண்டவை. உங்கள் கையில் இருக்கும் குறிப்பிட்ட ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞர் படித்துச் சொல்வதற்கு இவை ஈடாகமாட்டா.

காப்புரிமை என்பதா, பதிப்புரிமை என்பதா?

பாட்டுக்கு உள்ளது பதிப்புரிமை. காப்புரிமை என்பது புதிய கண்டுபிடிப்புகளுக்குத் தரப்படுவது. அதற்குத் தனிச் சட்டமும் தனி அலுவலகமும் உண்டு. நாளிதழ்கள் இரண்டையும் கலந்து எழுதுவதால் பேச்சில் பெரிய தீங்கு இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் சொல் மாறினால் பொருளும் மாறும்.

ஒரு பாட்டில் எத்தனை உரிமைகள் இருக்கின்றன? எது யாருக்குச் சொந்தம்?

கேட்பவருக்கு ஒரே பாட்டு. சட்டத்துக்கு அது நான்கு. பாடல் வரி இலக்கியப் படைப்பு, அதன் முதல் உரிமையாளர் எழுதியவர். மெட்டு இசைப் படைப்பு, அதன் முதல் உரிமையாளர் இசையமைத்தவர். அவர் அதை ஸ்வரக்குறிப்பாக எழுதிவைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒலிப்பதிவு, அதாவது தொழிலில் மாஸ்டர் என்று சொல்லப்படுவது, மூன்றாவது உரிமை, அது தயாரிப்பாளருடையது. நான்காவது, பாடியவருக்கும் வாசித்தவருக்கும் உள்ள நிகழ்த்துநர் உரிமை. வரிக்கும் மெட்டுக்கும் உரியவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். நிகழ்த்துநருக்கு 50 ஆண்டுகள்.

பெரும்பாலான சண்டைகள் தயாரிப்பாளர் என்ற சொல்லில்தான் தொடங்குகின்றன. சுயாதீன இசை வட்டாரத்தில் பீட், அதாவது பாட்டின் தாளப் பின்னணி, செய்து, கணினியில் புரோகிராமிங் செய்பவரை ‘புரொடியூசர்’ என்கிறோம். சட்டம் தயாரிப்பாளர் என்று சொல்வது, அந்தப் பதிவை உருவாக்குவதற்கான முன்முயற்சியையும் பொறுப்பையும் ஏற்றவரை. ஸ்டூடியோ வாடகை கொடுத்து, கலைஞர்களை வரவழைத்து, மிக்ஸிங் வரை நின்று முடித்தவர் நீங்கள் என்றால் மாஸ்டர் உங்களுடையது. பீட் செய்தவர் மெட்டில் பங்கு கேட்கலாம். ‘நான்தான் புரொடியூசர்’ என்று சொல்வதால் மட்டும் மாஸ்டர் அவருடையதாகிவிடாது. இணையத்தில் வாங்கிய பீட்டாக இருந்தால் கதை வேறு. மலிவு விலையில் கிடைப்பது பெரும்பாலும் பலருக்கும் தரப்படும் உரிமம் மட்டுமே. அதே பீட்டின்மேல் இன்னும் இருபது பேர் பாடியிருக்கலாம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அந்த உரிமத்தின் நிபந்தனைகளைச் சேமித்து வையுங்கள்.

பதிவு செய்தால்தான் உரிமை உண்டா?

இல்லை. பாட்டு உருவான நொடியிலேயே உரிமையும் பிறந்துவிடுகிறது. பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்வது விருப்பத்தைப் பொறுத்தது, இணையவழியிலேயே விண்ணப்பிக்கலாம். பாடல் வரிக்கோ மெட்டுக்கோ கட்டணம் 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய். விண்ணப்பித்த பின் யாரேனும் ஆட்சேபம் தெரிவிப்பதற்காக 30 நாட்கள் விடப்படும். பதிவேட்டில் உள்ளதை நீதிமன்றம் முதல்நிலைச் சான்றாக ஏற்கும் என்பதே இதன் பயன். நீங்கள் பெரிதும் நம்பியிருக்கும் இரண்டு மூன்று பாட்டுகளுக்காவது இதைச் செய்வது நல்லது.

பாட்டை ஒரு உறையில் போட்டு தனக்குத்தானே பதிவுத் தபாலில் அனுப்பிக்கொண்டால் போதும் என்ற நம்பிக்கை இன்னும் உலவுகிறது. அந்த உறைக்குச் சட்டத்தில் தனி மதிப்பு எதுவுமில்லை. அதைவிட, முதன்முதலில் முணுமுணுத்துப் பதிந்த கைபேசிக் கோப்பு, புராஜெக்ட் கோப்புகள், குரலும் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக உள்ள ஸ்டெம்கள், நண்பருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஆகியவை பலமான சான்றுகள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது அதற்கான சான்றிதழையும் உடன் தர வேண்டியிருப்பதால், மூலக்கோப்பையும் அது இருந்த கருவியையும் கைவிடாதீர்கள்.

நண்பர்கள் சேர்ந்து செய்த பாட்டு. எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. இப்போது என்ன?

இப்போதாவது எழுதுங்கள். பாட்டு ஓடாதவரை யாரும் பங்கு கேட்பதில்லை; ஓடத் தொடங்கிய பிறகு எவருடைய நினைவும் மற்றவருடைய நினைவோடு ஒத்துப்போவதில்லை. தொழிலில் ஸ்பிளிட் ஷீட் எனப்படும் ஒரு பக்கத் தாள் போதும். பாட்டின் பெயர், தேதி, வரி எழுதியவர் யார், மெட்டமைத்தவர் யார், ஒவ்வொருவருக்கும் எத்தனை சதவீதம், மாஸ்டர் யாருடையது, வெளியீட்டில் பெயர்கள் எந்த வரிசையில் வரும் என்பவற்றை எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். சதவீதங்களின் கூட்டுத்தொகை 100 வருகிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், 110 வந்த தாள்கள் உண்டு.

எழுதாமல் விட்டால், கூட்டாகப் படைத்தவர்கள் கூட்டு உரிமையாளர்கள் ஆகிறார்கள். கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் மற்றவரின் சம்மதமின்றி வெளியாருக்கு உரிமம் தர முடியாது என்று மும்பை உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே பேண்டைவிட்டுக் கோபித்துக்கொண்டு போன ஒருவரால் ஒரு விளம்பர வாய்ப்பையே முடக்கிவிட முடியும். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. தொலைபேசியை எடுக்காமல் இருந்தாலே போதும்.

ஒரே நாள் வந்து நாதஸ்வரமோ பறையோ வாசித்துவிட்டுப் போனவருக்கும் நிகழ்த்துநர் உரிமை உண்டு. அவருக்குக் கூலி தந்ததற்கான ரசீதும், பதிவைப் பயன்படுத்த அவர் தந்த எழுத்துபூர்வமான சம்மதமும், பெயர் போடுவோம் என்ற உங்கள் வாக்குறுதியும் ஒரே தாளில் இருக்கட்டும். வாக்குறுதியைக் காப்பாற்றவும் வேண்டும். நாட்டுப்புறக் கலைஞரின் பெயர் விடுபடுவது நம் வட்டாரத்தில் வழக்கமாகிவிட்ட ஒரு பிழை. அதற்குச் சாக்குச் சொல்ல இடமில்லை.

பாரதியார் பாட்டுக்கோ கீர்த்தனைக்கோ நாட்டுப்புறப் பாட்டுக்கோ அனுமதி வேண்டுமா?

பாரதியின் படைப்புகள் 1949-ல் அன்றைய சென்னை மாகாண அரசால் வாங்கப்பட்டுப் பொதுவுடைமையாயின; அவர் மறைந்தது 1921 என்பதால், அது நடந்திராவிட்டாலும் சட்டப்படியான காலம் எப்போதோ முடிந்திருக்கும். அவருடைய வரியை யாரும் பாடலாம். ஆனால் அந்த வரிக்கு வேறொருவர் போட்ட மெட்டு அவருடைய சொத்து. ‘பாரதி பாட்டுதானே’ என்று சொல்லி, பிரபலமான ஒரு திரைப்பட மெட்டிலேயே பாடி வெளியிட்டுவிட்டு, அது முடக்கப்பட்ட பின் திகைப்பவர்கள் பலர். உங்கள் மெட்டைப் போடுங்கள், அந்த மெட்டு உங்களுடையதாகும்.

தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகியோரின் உருப்படிகள் எல்லோருக்கும் பொது. பாபநாசம் சிவன் மறைந்தது 1973 அக்டோபரில்; 60 ஆண்டுக் கணக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து ஓடுவதால், அவர் படைப்புகளுக்கு 2033 முடியும்வரை பாதுகாப்பு உண்டு. கச்சேரியில் பழகிவிட்டதாலேயே ஒரு பாட்டு பொதுச்சொத்து ஆகிவிடாது. இராகம் யாருக்கும் சொந்தமல்ல. அந்த இராகத்தில் ஒருவர் கட்டிய குறிப்பிட்ட மெட்டு சொந்தமாக இருக்கலாம்.

ஆசிரியர் பெயர் தெரியாத நாட்டுப்புறப் பாட்டை யாரும் எடுத்துப் பாடலாம். ஆனால் ஓர் ஆய்வாளரோ நிறுவனமோ கிராமத்தில் பதிந்த ஒலிப்பதிவை வெட்டி உங்கள் பாட்டில் சேர்ப்பதற்கு அனுமதி வேண்டும். பாட்டு பழையதாக இருந்தாலும் பதிவு புதியது.

மற்றவர் பாட்டை கவர் செய்து வெளியிடலாமா? மேடையில் பாடலாமா?

சட்டத்தில் கவர் பதிவுக்கென, அதாவது மற்றவர் பாட்டைப் புதிதாகப் பாடிப் பதிவதற்கென, ஒரு சட்டபூர்வ உரிமம் இருக்கிறது. மூலப் பதிவு உருவான ஆண்டு முடிந்து ஐந்து நாட்காட்டி ஆண்டுகள் கழிந்த பிறகே அதைக் கேட்க முடியும். ஓராண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை (படைப்பைப் பயன்படுத்துவதற்காக உரிமையாளருக்குத் தரும் தொகையை) முன்கூட்டியே செலுத்த வேண்டும். பிரதிக் கணக்கில் ராயல்டி கேட்கும் இந்த விதி, வீட்டு அறையில் கித்தாருடன் உட்கார்ந்து காணொளி எடுப்பவருக்கு நடைமுறையில் பயன்படுவதில்லை. யூடியூப் போன்ற தளங்களில் நடப்பது வேறு: தானியங்கி அடையாள முறை பாட்டைக் கண்டுகொள்கிறது, உரிமையாளர் விரும்பினால் காணொளியை விட்டுவைத்து விளம்பர வருவாயைத் தாம் எடுத்துக்கொள்கிறார், விரும்பாவிட்டால் முடக்குகிறார். இது அவர் காட்டும் சலுகை, உங்கள் உரிமை அல்ல.

மேடை நிகழ்ச்சிகளுக்கான உரிமத்தை நிகழ்ச்சி நடத்துபவரே பெறுவதுதான் வழக்கம். உங்கள் ஒப்பந்தத்தில் அதை ஒரு வரியாக எழுதிவிடுங்கள். 2017-ல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு நோட்டீஸ் அனுப்பப்பட்டபோதுதான், பாடியவரே மேடையில் பாடினாலும் மெட்டுக்கு உரியவரின் அனுமதி வேண்டும் என்ற செய்தி வீடுவீடாகப் பேசப்பட்டது. திருமணத்துக்குப் பாடுபவர்கள் கவலைப்பட வேண்டாம். திருமண ஊர்வலத்துக்கும் திருமணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கும் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது.

ஒரு லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?

முதலில், கேட்பது உரிமை மாற்றமா, உரிமமா என்று பாருங்கள். உரிமை மாற்றம் என்பது வீட்டை விற்பது. உரிமம் என்பது வாடகைக்கு விடுவது. இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் உரிமை கைமாறாது என்பது உங்களுக்குச் சாதகமான விதி. எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்த நாடுகள், எவ்வளவு தொகை என்பவற்றை ஒப்பந்தம் சொல்ல வேண்டும். காலத்தைச் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பைச் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். ஆனால் ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதிருந்தால் மட்டுமே. லேபிள்களின் வழக்கறிஞர்கள் இதை அறிந்தவர்கள் ஆதலால், ‘பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும், பயன்படுத்தாவிட்டாலும்’ என்ற சொற்கள் அநேகமாக எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். முதலில் பேரம் பேச வேண்டிய இடம் அதுதான். ஐந்தோ ஏழோ ஆண்டுக்குப் பின் மாஸ்டர் திரும்பி வரும் என்ற ஒரு வரியைக் கேளுங்கள். மறுத்தால் உங்கள் பாட்டின் மதிப்பு பற்றி அவர்களே உங்களுக்குச் சொல்லிவிட்டார்கள் என்று பொருள்.

இரண்டாவது, விட்டுக்கொடுக்க முடியாத ராயல்டி. 1977-ல் உச்ச நீதிமன்றம், படத்துக்காகக் காசு கொடுத்து எழுதவும் இசையமைக்கவும் செய்த தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகள் பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் ஒரே தொகையோடு வீட்டுக்குப் போனார்கள். 2012 திருத்தம் அதை மாற்றியது. வரியும் மெட்டும் பயன்படுத்தப்படும்போது வரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை, சட்டபூர்வ வாரிசுக்கோ, ராயல்டியை வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்கவோ கைவிடவோ முடியாது. அப்படி எழுதிய ஒப்பந்த வரி செல்லாது. படம் சாராத ஒலிப்பதிவுகளுக்கும் இது பொருந்தும் என்பதால் சுயாதீனக் கலைஞருக்கு இதைவிட முக்கியமான விதி இல்லை. ஆனால் இது வரிக்கும் மெட்டுக்கும் மட்டுமே. மாஸ்டரை விற்றால் அந்த வருவாய் போனதுதான்.

மூன்றாவது, அட்வான்ஸ். அது பரிசல்ல, உங்கள் பங்கிலிருந்து பிடித்தம் செய்யப்படும் முன்பணம். எந்தெந்தச் செலவுகள் அதில் சேரும் என்பதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். காணொளிச் செலவும் விளம்பரச் செலவும் சேர்ந்தால் கணக்கு பல ஆண்டுகளுக்குப் பூஜ்ஜியத்திலேயே நிற்கும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கணக்கு தருவார்கள், அதை உங்கள் தணிக்கையாளர் பார்க்கலாமா என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். 2021-ல் வெளியாகி உலகெங்கும் கேட்கப்பட்ட ‘என்ஜாய் எஞ்சாமி’ பாட்டிலிருந்து தமக்கு எந்த வருவாயும் வரவில்லை என்று 2024-ல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகச் சொன்னதை நினைத்துப் பாருங்கள். பார்வை எண்ணிக்கையும் வங்கிக் கணக்கும் தாமாகவே இணைந்துவிடுவதில்லை.

நான்காவது, அடுத்து செய்யும் பாட்டுகள் மீதான கட்டுப்பாடு. ஒப்பந்தக் காலத்துக்குள் வேறு லேபிளுக்குப் பாடக்கூடாது என்பது ஏற்கத்தக்கதாக இருக்கலாம்; ஒப்பந்தம் முடிந்த பிறகும் பாடக்கூடாது என்று எழுதினால், தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்ற ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு உங்கள் பக்கம் நிற்கும். தகராறு வந்தால் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ப்பளிக்கும் நடுவரை லேபிளே தனியாக நியமிக்கும் என்ற வரியையும் பாருங்கள். வழக்கின் முடிவில் நலன் உள்ள ஒரு தரப்பு தனி நடுவரைத் தன்னிச்சையாக நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் கூறியிருக்கிறது. இருந்தாலும் விசாரணை மும்பையில் என்றிருந்தால் அதைச் சென்னை என்று மாற்றக் கேளுங்கள். ரயில் செலவே பலரைப் பின்வாங்க வைத்திருக்கிறது.

பதினெட்டு வயது நிரம்பாதவர் போட்ட ஒப்பந்தம் செல்லாது. முத்திரைத்தாளில் இல்லை என்பதால் மட்டும் ஒரு ஒப்பந்தம் உங்களைக் கட்டாது என்றோ, செயலியில் ‘சம்மதம்’ என்று அழுத்தியது ஒப்பந்தமல்ல என்றோ நினைக்காதீர்கள்.

ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டேன். வெளியே வர வழி உண்டா?

சில வழிகள் உண்டு. வாங்கியவர் உரிமையைப் போதிய அளவு பயன்படுத்தாமல் இருந்தாலோ, நிபந்தனைகள் உங்களுக்குக் கடுமையானவையாக இருந்தாலோ, சட்டத்தின் 19அ பிரிவின்படி உரிமை மாற்றத்தை ரத்து செய்யக் கேட்கலாம். கடுமை என்ற காரணத்தைச் சொல்லிக் கேட்டால், ஒப்பந்தம் போட்டு ஐந்து ஆண்டுகள் முடியாமல் ரத்து கிடைக்காது. முன்பு இதை அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் விசாரித்தது. அது 2021-ல் கலைக்கப்பட்ட பின் வணிக நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறது. கணக்கு தராதது, பணம் தராதது ஆகியவை ஒப்பந்த மீறல்கள். முதலில் எழுத்தில் கணக்கு கேளுங்கள், பதில் வராததும் ஒரு சான்றே. ஒப்பந்தக் காலத்தில் புதிதாக வந்த ஓர் ஊடகம் அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படாவிட்டால், அந்த ஊடகத்துக்கான உரிமை இன்னும் உங்களிடமே இருக்கிறது என்று வாதிட இடமுண்டு.

டிஸ்ட்ரிபியூட்டர் மூலம் வெளியிடுகிறேன். ஐபிஆர்எஸ்-ல் சேர வேண்டுமா?

பாட்டை இணையத் தளங்களில் ஏற்றித்தரும் டிஸ்ட்ரிபியூட்டர் உங்களுக்குக் கொண்டுவருவது மாஸ்டருக்கான பணம். வரிக்கும் மெட்டுக்கும் உரிய ராயல்டி வேறு வழியில் ஓடுகிறது. இந்தியாவில் அதை வசூலிப்பது 1969-ல் தொடங்கப்பட்டு, 2017-ல் மீண்டும் பதிப்புரிமைச் சங்கமாகப் பதிவுபெற்ற ஐபிஆர்எஸ். பாடகர்களுக்கும் வாத்தியக் கலைஞர்களுக்கும் இஸாம்ரா என்ற சங்கம் இருக்கிறது. நீங்களே எழுதி, மெட்டமைத்துப் பாடுபவர் என்றால் இரண்டிலும் உங்களுக்கு வேலை உண்டு. சேர்ந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு பாட்டையும் பங்கு விவரத்தோடு பதிய வேண்டும்; மேலே சொன்ன ஸ்பிளிட் ஷீட் இங்கேதான் கைகொடுக்கும். சேரும்போது சில உரிமைகளைச் சங்கத்துக்கு மாற்றிக்கொடுக்கிறீர்கள் என்பதை மட்டும் படித்துப் புரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள்.

என் பாட்டை யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள். என்ன செய்வது?

திட்டிப் பதிவிடுவதற்கு முன் சான்று சேருங்கள்: இணைப்பு, திரைப்பிடிப்பு, தேதி, பார்வை எண்ணிக்கை. பிறகு தளத்துக்குப் புகார் கொடுங்கள். இந்திய விதிகளின்படி எழுத்துபூர்வமான முறையான புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள், புகாரில் நம்பகம் இருந்தால், தளம் அதை 21 நாட்களுக்கு முடக்க வேண்டும். அதற்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் மீண்டும் திறந்துவிடலாம். நடைமுறையில் தளங்களின் சொந்தப் படிவங்களே வேகமானவை. யூடியூபில் 90 நாட்களுக்குள் மூன்று ஸ்டிரைக் (பதிப்புரிமை மீறல் எச்சரிக்கை) விழுந்தால் சேனலே போய்விடும் என்பதால், எதிரில் இருப்பவர் விசிறியா வியாபாரியா என்று பார்த்து இந்த ஆயுதத்தை எடுங்கள்.

உங்கள் சொந்தப் பாட்டின்மீதே வேறொருவர் உரிமை கோருவதும் நடக்கிறது. ஒரே பீட்டைப் பயன்படுத்திய இன்னொருவர் தம் பாட்டைத் தானியங்கி முறையில் பதிந்திருப்பதே பெரும்பாலும் காரணம். யூடியூபில் ஐந்து நாட்களுக்குள் மறுப்பு தெரிவித்தால் முதல் நாளிலிருந்தே வருவாய் நிறுத்திவைக்கப்படும். கோரியவர் 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டால் கோரிக்கை நீங்கும்.

எனக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது.

நோட்டீஸ் தீர்ப்பல்ல, ஆனால் அதைக் கிழித்துப் போடவும் கூடாது. உடனே தொலைபேசியில் மன்னிப்புக் கேட்பது, சமூக ஊடகத்தில் அதைப் படமெடுத்துப் போடுவது இரண்டும் பின்னால் உங்களுக்கு எதிராகத் திரும்பக்கூடியவை. குறிப்பிட்ட நாளுக்குள் வழக்கறிஞர் வழியாகப் பதில் கொடுங்கள். ஆதாரமற்ற மிரட்டலாக இருந்தால் அதை எதிர்த்து நீங்களே வழக்குத் தொடரச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு இடம் தருகிறது.

வழக்கு என்றால் எங்கே, எப்படி? காசில்லாதவருக்கு என்ன வழி?

மீறல் நடந்ததிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். எதிரி டெல்லியில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரின் நீதிமன்றத்திலேயே தொடரலாம். மூன்று லட்சம் ரூபாய் மதிப்புக்கு மேற்பட்டவை வணிக நீதிமன்றத்துக்குப் போகும். அவசரத் தடை உத்தரவு தேவைப்படாத வழக்குகளில் முன்னதாகச் சமரச மையத்துக்குப் போவது கட்டாயம். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் அறிவுசார் சொத்துரிமைக்கெனத் தனிப் பிரிவு இயங்குகிறது. தெரிந்தே மீறியவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம் என்பது உண்மை. எனினும், பணம் தராத கூட்டாளிமீது காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது கணக்கு வழக்கைத் தீர்ப்பதில்லை என்பது என் அனுபவம்.

இலவசச் சட்ட உதவி கொலைக் குற்றவாளிகளுக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குழந்தைகள் ஆகியோர் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சிவில் வழக்குக்கும் இலவசமாக வழக்கறிஞரைப் பெறலாம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போகலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம். அங்கே கிடைக்கும் வழக்கறிஞர் இசைத்துறையை அறியாதவராக இருக்கக்கூடும். ஒப்பந்தம், ஸ்பிளிட் ஷீட், செய்திகள், வருவாய் அறிக்கைகள் ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கி, ஒரு பக்கச் சுருக்கத்தோடு கொண்டுபோனால் அந்தக் குறை பெரும்பாலும் நிரம்பிவிடும்.

பெயர் போடவில்லை. பணம் வந்துவிட்டது என்றால் விட்டுவிட வேண்டியதுதானா?

இல்லை. எழுதியவர், மெட்டமைத்தவர் என்று அறியப்படும் உரிமையும், படைப்பைச் சிதைத்துத் தம் பெயரைக் கெடுப்பதைத் தடுக்கும் உரிமையும் பதிப்புரிமையை முழுவதும் விற்ற பின்னும் படைத்தவரிடமே இருக்கின்றன. நிகழ்த்துநருக்கும் இதே போன்ற உரிமையை 2012 திருத்தம் தந்தது. வெளியீட்டுத் தளங்களில் பெயர் விடுபட்டிருந்தால், வெளியிட்டவரிடம் விவரத் தரவைத் திருத்தச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அநேகமாக இரண்டொரு வாரத்தில் முடியும் வேலை அது.

செயற்கை நுண்ணறிவு கொண்டு என் குரலை நகலெடுத்துவிட்டால்?

குரலுக்கென இங்கே தனிச் சட்டம் இல்லை. ஆனால் 2024 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அனுமதியின்றி நகலெடுக்கும் கருவிகளுக்குத் தடை விதித்தது. அதே ஆண்டுத் தொடக்கத்தில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஒரு படப்பாட்டில் மீட்டுருவாக்கிய ஏ.ஆர்.ரஹ்மான், குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் தந்ததாகத் தெரிவித்தார். புதிய ஒப்பந்தங்களில் ‘குரல் மாதிரியை இயந்திரப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம்’ என்ற வரி நுழையத் தொடங்கியிருக்கிறது. தனி ஊதியமும் தனிச் சம்மதமும் இல்லாமல் அதற்கு ஒப்பாதீர்கள்.

யாழ்ப்பாணத்திலும் டொராண்டோவிலும் என் பாட்டைக் கேட்கிறார்கள். அங்கே தனியாகப் பதிய வேண்டுமா?

வேண்டாம். இந்தியா, இலங்கை, கனடா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகள் பெர்ன் என்ற பன்னாட்டுப் பதிப்புரிமை உடன்படிக்கையில் இருப்பதால் பதிவு எதுவும் இல்லாமலே அங்கும் பாதுகாப்பு உண்டு. வசூல்தான் வேறு: அந்தந்த நாட்டுச் சங்கம் சேர்க்கும் ராயல்டி, ஐபிஆர்எஸ் அதனுடன் உடன்பாடு வைத்திருந்தால் அதன் வழியாக உங்களை வந்தடையும், அதற்கு உங்கள் பாட்டு இங்கே சரியான பங்கு விவரத்தோடு பதியப்பட்டிருக்க வேண்டும்.